யோகா ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ், பங்சார், பெட்டாலிங் ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும் யோகா வகுப்பு இருக்கிறது. கோயில் மண்டபத்தில், கடைவீட்டு மாடியில், கொண்டோ பொது அறையில் என்று எல்லா இடத்திலும் நடக்கிறது. வகுப்பு கிடைப்பது சுலபம். உங்கள் உடம்புக்குச் சரியான ஆசிரியரைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். வகுப்பில் சேருமுன் உங்களைப் பற்றி யார் அதிகம் விசாரிக்கிறாரோ, அவரையே நான் முதலில் கவனிக்கச் சொல்வேன்.

முதலில் உங்கள் உடம்பை எழுதுங்கள்

ஒரு தாளில் எதற்காக யோகா என்று ஒரு வரி எழுதுங்கள். முதுகு வலியா, தூக்கமின்மையா, உடம்பு வளையவில்லையா, மனம் அமைதியாக வேண்டுமா? அதற்குக் கீழே உங்களுக்கு இருக்கும் நோய்களையும் சாப்பிடும் மருந்துகளையும் எழுதுங்கள். நம் வீடுகளில் ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் சாதாரணமாகிவிட்டதால் பலர் அதைச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மூச்சை வெகுநேரம் அடக்குவதும் வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் ஆகாது. கிளகோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தால் சிரசாசனம் போலத் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் எப்போது பசியாறிவிட்டு வகுப்புக்குப் போவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாதி வகுப்பில் சர்க்கரை இறங்கிப் போகலாம். முதுகெலும்புத் தட்டு விலகியவர்கள் முன்னால் குனியும் ஆசனங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் என்றால் மகப்பேறு யோகாவில் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வேண்டும். கிளினிக்கில் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்தத் தாளைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிறகு எந்த முறை என்று பாருங்கள்

யோகா என்று பொதுவாகச் சொன்னாலும் பாணிகள் பல. ஐயங்கார் முறையில் கட்டை, பெல்ட், நாற்காலி வைத்து ஒவ்வொரு ஆசனத்தையும் நிதானமாக, சரியான நிலையில் நிறுத்துவார்கள். மூட்டு இறுகியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பொருந்தும். பட்டாபி ஜோயிஸ் மைசூரில் கற்பித்த அஷ்டாங்கம் மாறாத வரிசையில் போகும், உடம்பில் நல்ல வலு கேட்கும். வின்யாசா மூச்சோடு சேர்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருப்பதால், புதியவர்களுக்குப் பெரும்பாலும் வேகம் அதிகம். 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய அறையில் செய்யும் ஹாட் யோகா இருதயக் கோளாறோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆசனம், மூச்சுப் பயிற்சி, தளர்வு மூன்றும் கலந்து வேண்டுமென்றால் சிவானந்தர் மரபைப் பாருங்கள். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் துறவியாவதற்கு முன் மலாயாவில் மருத்துவராக வேலை பார்த்தவர். அவருடைய மரபைச் சேர்ந்த ஆசிரமம் பத்துமலையில் இருக்கிறது.

சான்றிதழைக் கேளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்

பல ஆசிரியர்கள் 200 மணி நேரப் பயிற்சி முடித்தவர்கள் என்று போட்டிருப்பார்கள். அது ஒரு தொடக்கத் தகுதி. தங்கிப் படித்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில்கூட முடித்துவிடலாம். யோகா அலையன்ஸ் என்பது அமெரிக்காவிலிருந்து இயங்கும் ஒரு பதிவு அமைப்பு. அங்கே பெயர் பதிந்திருப்பதை வைத்து அவர் முதுகு வலிக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் என்று முடிவு செய்ய முடியாது. இந்தியாவில் பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சின் யோகா சான்றிதழ் வாரியம் தேர்வு வைத்துத் தருகிற சான்றிதழும் உண்டு. எதுவாக இருந்தாலும் யாரிடம் படித்தீர்கள், எத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், இப்போதும் யாரிடமாவது படிக்கிறீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

புலனத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்

"வயது 48, ரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறேன், இடது முழங்கால் வலி, புதிதாகச் சேர விரும்புகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். கட்டண விவரத்தை மட்டும் அனுப்புகிறவர் ஒரு வகை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா, கொதிப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறவர் இன்னொரு வகை. இரண்டாமவரிடம் போங்கள். "எல்லாம் யோகாவில் குணமாகிவிடும், மருந்தை நிறுத்திவிடலாம்" என்கிறவரிடம் போகவே போகாதீர்கள்.

சோதனை வகுப்பில் எதைக் கவனிப்பது

இதுதான் முக்கியம். ஆசிரியர் முழு நேரமும் தன் பாயிலேயே நின்று தானே செய்துகொண்டிருக்கிறாரா, இல்லை நடந்து வந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறாரா? உங்களால் குனிந்து காலைத் தொட முடியாதபோது என்ன செய்கிறார்? முட்டியை மடக்கச் சொல்வார், கட்டையைக் கொடுப்பார், வேறொரு நிலையைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் நல்லவர். முதுகில் கை வைத்து அழுத்துகிறவரிடம் ஜாக்கிரதை. தொடுவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் முகம் சுளிக்கக் கூடாது. பெண்களுக்குப் பெண் ஆசிரியர்தான் சௌகரியம் என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மொழியையும் பாருங்கள். அம்மாவையோ மாமியாரையோ சேர்ப்பதாக இருந்தால் தமிழில் சொல்லிக் கொடுப்பவர் நல்லது. கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்ய முடியாது, காதில் விழுவது புரிந்தாக வேண்டும். கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது கொடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

பணம், தூரம்

எடுத்தவுடன் வருடக் கட்டணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் போதும். பத்து வகுப்புத் தொகுப்பு என்றால் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும், உடம்பு முடியாமல் போனால் தள்ளிப் போடலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணி வகுப்புக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால் இரண்டாவது வாரமே மனம் விட்டுப்போகும். வீட்டுக்கோ எல்ஆர்டி நிலையத்துக்கோ பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. மறுநாள் தொடையிலும் தோளிலும் லேசான வலி இருப்பது இயல்பு. மூட்டில் குத்துவது போன்ற வலி, கை கால் மரத்துப்போவது, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லுங்கள். "பொறுத்துக்கொள்ளுங்க, பழகிடும்" என்று பதில் வந்தால், கட்டிய பணம் மிச்சம் இருந்தாலும் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.