அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கவில்லையா? முதலில் கரண்ட் மீற்றரைப் பாருங்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் ஒரே வீட்டிலக்கத்தில் நாலு குடும்பம் இருக்கும், மீற்றர் ஒன்றுதான், மற்ற மூன்று பேரும் அதிலிருந்து வயர் இழுத்திருப்பார்கள். அஸ்வெசுமவுக்குக் குடும்பத்தின் நிலையைக் கணிக்கப் பார்க்கும் 22 விடயங்களில் கரண்ட் பாவனையும் ஒன்று. எங்கள் ஒழுங்கை அக்காவுக்கு அதில்தான் இடித்தது. வீட்டு வேலைக்குப் போகிறவர், மூன்று பிள்ளைகள், புருஷன் விட்டுப் போய் நாலு வருஷம், வீட்டில் ஒரு பல்ப், ஒரு ஃபேன். ஆனால் பில்லில் முன்வீட்டுத் தையல்காரரின் அயர்ன் வரைக்கும் அவர் கணக்கில் ஏறியிருந்தது.

அதனால் முதலில் கிராம சேவகரிடம் போய், நீங்கள் தனி அடுப்பு, தனிக் குடும்பம், மீற்றர் மட்டும்தான் பொது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னது ஃபைலில் ஏறாது. அப்புறம் மேன்முறையீட்டோடு கொடுக்க உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோ கொப்பி. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு, அதனால் எந்த நாளில் ஆட்களைச் சந்திப்பார்கள் என்று விசாரித்துவிட்டு ஒரே தடவையில் முடியுங்கள். கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்துக்கு, வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாயவுக்கு. சிங்களப் படிவத்தை நீட்டினால் வெட்கப்படாமல் தமிழ்ப் படிவம் கேளுங்கள், தமிழும் அரச கரும மொழிதான். மேன்முறையீட்டுக்கு இறுதித் திகதி உண்டு, தள்ளிப் போடாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய், அதை ஒரு லீவுக்குப் பயந்து விடுவதா?

புருஷன் காசு தராவிட்டால் அது வேறு வழக்கு. 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பணம் (வளர்க்கும் செலவு) கேட்கலாம், கலியாணம் எழுதாவிட்டாலும் பிள்ளைக்கு அந்த உரிமை இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு. அடி உதை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929க்கு கோல் எடுங்கள்.

இதெல்லாம் இழுபடும் நேரத்தில் சின்னப் பிள்ளையின் நிறை குறைந்தால் கிளினிக் மிஸ்ஸியிடம் திரிபோஷ சத்துமா கேளுங்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால் பிள்ளை சாப்பிடும், பெரியவனும் வந்து ஒன்று எடுப்பான், ஏசாதீர்கள்.

மேன்முறையீட்டைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் சீலும் திகதியும் போட்டு வாங்குங்கள். அக்கா அதைப் பால்மா டின்னுக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார், மழைக்கு அந்த வீட்டில் முழங்கால் வரை தண்ணி வரும்.