மாரடைப்பு வந்து போனவர் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு வரும்போது நாங்கள் விடும் பிழைகள்

நெஞ்சு நோவோடு வருபவருக்கு உடனே ஈசிஜி எடுக்க எங்கள் நேர்ஸ்மாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிழை விடுவது வேறிடத்தில். அற்றாக் (மாரடைப்பு) வந்து கொஞ்ச நாளானவர் ஹேர்னியா (குடலிறக்கம்) சத்திரசிகிச்சைக்கு என்று தியேட்டர் வாசலில் வந்து நிற்கிறாரே, அங்கேதான்.

வன்னியில் "எப்ப ஐயா அற்றாக் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "காலபோகம் விதைச்ச கையோட, பிள்ளை" என்பார். அது ஐப்பசியா கார்த்திகையா? அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்கு, மாரடைப்புக்குப் பிறகு 60 நாளாவது பொறுக்கச் சொன்னது 2014 அமெரிக்க வழிகாட்டி, ஸ்டென்ட் (இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருந்தால் இன்னும் கூட நாள். அதனால் வாய்ப்பேச்சை எழுதாமல் ஆஸ்பத்திரியில் நோய் விபரம் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் காட்டை வாங்கித் திகதியைப் பாருங்கள்.

அடுத்தது குளிசை. முள்ளியவளைப் பக்கத்து ஐயா ஒருவரை மேசையில் ஏற்றினால் நாடி 118. விசாரித்தால், "வெறுவயித்தோட இருக்கச் சொன்னீங்கள், அதான் முந்தநாளிலயிருந்து ஒண்டும் போடேல்லை" என்றார். சொப்பிங் பைக்குள், கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறையில் அற்றெனலோல் (நாடியைக் குறைக்கும் குளிசை) அப்படியே கிடந்தது. சொன்னது நான்தான். வெறுவயிறு என்றால் சோறும் தேத்தண்ணியும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், வழமையாகப் போடும் அந்தக் குளிசையை மயக்க மருந்து டொக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு மிடறு தண்ணியோடு கொடுத்திருக்கலாம். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிறல் விஷயமும் அப்படித்தான், நிறுத்து என்று நாங்களாகச் சொல்ல முடியாது.

சரி, முன்பு போடாதவருக்கு, நாடி ஓடுகிறது என்று சத்திரசிகிச்சையன்று காலையே இப்படியான குளிசையைப் புதிதாகத் தொடங்கினால்? அதுவும் பிழை. 2008இல் வந்த பொய்ஸ் (POISE) ஆய்வில் அப்படி மெட்டோபுரோலோல் (அற்றெனலோல் வகைக் குளிசை) தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் மரணமும் கூடின.

குளிரை யாரும் கணக்கெடுப்பதில்லை. வெளியே வெயில் எரிப்பதால் ஏசிக் குளிர் எங்களுக்குச் சுகம், ஆனால் உடுப்பில்லாமல் கிடக்கும் அறுபது வயது ஆள் நடுங்கத் தொடங்கினால் இதயத்துக்கு ஒட்சிசன் தேவை ஏறிவிடும். 1997இல் இதய ஆபத்துள்ள 300 பேரிடம் செய்த ஆய்வில், சூடாக வைத்திருந்தவர்களில் 1.4 வீதத்தினருக்கே இதயச் சிக்கல் வந்தது, மற்றவர்களில் 6.3 வீதம். போர்வையை முடிந்த பிறகு தேடாமல், மயக்கம் கொடுக்க முதலே போர்த்துங்கள். தெர்மோமீற்றர் 36 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கடைசியாக, சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் ரிக்கவரி அறையில் "நெஞ்சு நோகுதோ?" என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பி விடுவது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் மாரடைப்பில் பெரும்பாலானோருக்கு நெஞ்சு நோவே இருக்காது, வலிமருந்தும் மறைத்துவிடும், வருவதும் அனேகமாக முதல் இரண்டு நாளுக்குள். காரணமில்லாமல் வேர்க்கிறதா, பிரஷர் இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் இரவு இரண்டு மணி என்றாலும் டொக்டரை எழுப்பி ஈசிஜி கேளுங்கள். ஏச்சு விழலாம், விழட்டும்.