கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிற தம்பி தங்கைகளுக்கு

விடுமுறைக்கு குடியாத்தம் வந்தால் போதும், நாலைந்து பேர் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டால் அன்றைக்கு நான் பேசியதே காதில் விழுகிறது. சான்றிதழ், போட்டோ விஷயமெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். விண்ணப்பிக்கிறபோது நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நீட் மட்டும் போதும் என்று இருப்பது

இதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. தமிழ்நாட்டில் பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மாநில இடங்களுக்கான பிளஸ் டூ கட்-ஆஃப் கணக்கு இப்படி: உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50, ஆக மொத்தம் 200. அதாவது இயற்பியலில் ஒரு மார்க் விட்டால் அரை மார்க்தான் போகும், உயிரியலில் விட்டால் முழுசாகப் போய்விடும்.

நான் போன கோச்சிங் சென்டரில் பொதுத் தேர்வு பாஸ் ஆனால் போதும் என்றார்கள். நம்பினேன். ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குப் படம் வரைந்து பழகவே இல்லை, உயிரியலில் 88. கவுன்சலிங்கில் இடம் இல்லை. இன்னொரு வருடம் படிக்கப் பணம் வேண்டுமே, அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குத் தலையீத்துப் பசுவை ஓட்டிப் போனார், நானும் கூடப் போனேன். தரகர் அதன் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிதுக்கிப் பார்த்து "நாலு பல்லு" என்றார். அந்த விரலை நான் மறக்கவில்லை. அப்புறம் நீட் எழுதி, அகில இந்திய ஒதுக்கீட்டில் திருப்பதியில் சேர்ந்தேன்.

போன வருடம் காட்பாடிப் பையன் ஒருவன் வந்தான், உயிரியலில் 97. அப்ளிகேஷன் போட்டாயா தம்பி என்றேன். "இல்லக்கா, நீட் ரிசல்ட் வரட்டும்னு இருந்தேன்" என்றான். கடைசித் தேதி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. நீட் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பிளஸ் டூ புத்தகத்தை அதற்காக மூடாதீர்கள், விண்ணப்பம் திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பி.டெக்.குக்கும் அதே விண்ணப்பம் என்று நினைப்பது

உணவு, பால், கோழியின பி.டெக். படிப்புகளுக்குத் தனியாகப் போட வேண்டும்.

"எம்.பி.பி.எஸ். கிடைக்கலேன்னா இது"

அந்த மனசோடு வராதீர்கள்.

நாய் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வருவது

நாய் பிடிப்பது நல்லதுதான். ஆனால் பயிற்சி வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம், அதில் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் வரும், சினை பார்க்கத் தோள்பட்டை வரை உறை போட்டு மாட்டுக்குள் கை விட வேண்டும். ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கிறார்கள், அதுவும் இந்தப் படிப்பு போகிற இடம்தான். சேருவதற்கு முன்னால் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் ஒரு காலைப்பொழுது போய் நில்லுங்கள். டாக்டர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.