தகரக் கூரைக்குக் கீழே ஒரு கேட்டல் சோதினை

நான் முதன்முதலாகத் தயாரித்த கேட்டல் சோதினை ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை நடந்தது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. ஒலிப்பதிவு ஓடத் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் மாரி மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து தாள்களைத் திருத்தியபோதுதான் கவனித்தேன், முன் இரண்டு வாங்கில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நல்ல புள்ளி, பின்வாங்குக்காரர்களுக்குப் பாதிகூட இல்லை. நான் அன்று சோதித்தது ஆங்கிலத்தை அல்ல, யார் ஸ்பீக்கருக்குக் கிட்ட இருந்தார் என்பதை.

மட்டக்களப்பில் சனி, ஞாயிறு வகுப்புகளில் பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வருகிறவர்கள் ஆசிரியர்கள், தாதிமார், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள். வாழைச்சேனையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள். போன மாதம் அக்கரைப்பற்றிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். அவளும் இப்போது ஆங்கிலம் படிப்பிக்கிறாள். "மிஸ், கேட்டலுக்கும் வாசிப்புக்கும் ஒரு பேப்பர் செய்யச் சொல்லிட்டாங்க. எங்கேருந்து தொடங்கிற?" அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கேள்வி எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த மாணவர் ஆங்கிலத்தை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் வகுப்புக்கு அது நான்கே வரி. விரிவுரையை ஒரே தடவை கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். பேசுகிறவர் எதை முக்கியம் என்கிறார், எதை உதாரணத்துக்குச் சொல்கிறார் என்று பிரித்தறிய வேண்டும். ஆய்வுக் கட்டுரையொன்றின் சுருக்கத்தைப் பார்த்து இது தனக்குத் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும். கட்டுரையாளர் உறுதியாகச் சொல்வதையும் சந்தேகத்தோடு சொல்வதையும் வேறுபடுத்த வேண்டும். இந்த நான்கில் ஒன்றையும் தொடாத கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுவேன்.

ஐஈஎல்ரிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலச் சோதனையின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கேட்டலுக்கு 40 கேள்வி, 30 நிமிட அளவில் ஒலிப்பதிவு. வாசிப்புக்கு 40 கேள்வி, 60 நிமிடம். நல்ல சோதனைதான், அதன் அமைப்பிலிருந்து நானும் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் கேட்டலின் முதல் இரண்டு பகுதிகளும் அன்றாட வாழ்க்கை பற்றியவை, அறை வாடகைக்கு எடுப்பது போன்ற விடயங்கள். என் மாணவருக்கு வேண்டியது விரிவுரை. அதைவிட, பழைய தாள்கள் எல்லாம் டியூட்டரியில் ஏற்கெனவே செய்து பார்த்தவையாக இருக்கும்.

சரி, கேட்டலுக்கு வருவோம். இதில்தான் நான் அதிகம் பிழை விட்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு சஞ்சிகைக் கட்டுரையை எடுத்து ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துப் பதிவு செய்தேன். அது காதால் செய்கிற வாசிப்பு, கேட்டல் அல்ல. எழுத்தில் வசனங்கள் நீளம், தகவல் நெருக்கமாக இருக்கும், ஒன்றும் திருப்பிச் சொல்லப்படாது. மனிதர் விரிவுரை செய்யும்போது தயங்குவார், சொன்னதையே வேறு மாதிரிச் சொல்வார், "ஆனால் அதுவல்ல முக்கியமான காரணம்" என்று பாதையை மாற்றுவார். அந்தத் திருப்பத்தைப் பிடிக்கிறாரா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதனால் இப்போது முழு உரையையும் எழுதுவதில்லை. ஒரு பக்கத்தில் ஏழெட்டுக் குறிப்பு மட்டும் எழுதி, சக விரிவுரையாளர் ஒருவரிடம் கொடுத்து, வகுப்பில் கதைக்கிற மாதிரியே கதைக்கச் சொல்கிறேன். பதிவு முடிந்த பிறகு கேட்டு எழுதிச் சொற்களை எண்ணுவேன். 5 நிமிடத்தில் 700 சொல் வந்தால் நிமிடத்துக்கு 140. எங்கள் பிள்ளைகளுக்கு அது சரியான வேகம். 170 தாண்டினால் திரும்பப் பதிவு செய்யச் சொல்வேன். மென்பொருளில் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டாம், குடித்தவர் கதைக்கிற மாதிரி இருக்கும்.

குரல் யாருடையது என்பதும் ஒரு பிரச்சினை. லண்டன் உச்சரிப்பு மட்டும் வைத்தால், தினமும் இலங்கை ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிற மாணவருக்கு அது அநியாயம். நான் மூன்று குரல் வைக்கிறேன். ஒன்று எங்கள் ஊர்த் தமிழர், இன்னொன்று சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், மூன்றாவது வெளிநாட்டவர்.

பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. கைத்தொலைபேசியும் உடுப்பு நிறைந்த அலுமாரியும் போதும். அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் இருந்து கதைத்தால் எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். நேரத்தையும் பாருங்கள். ஒரு முறை அருமையாக வந்த பதிவு ஒன்றின் நாலாவது நிமிடத்தில் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் போய்விட்டது. அந்த வகுப்பு இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்த மெட்டை முணுமுணுக்கும்.

கேள்விகள் ஒலிப்பதிவின் ஒழுங்கிலேயே வர வேண்டும். ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் இடையில் 20 செக்கனாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றை எழுதுகிற நேரத்தில் மற்றது கைநழுவிப் போகும். ஒலிப்பதிவு தொடங்கு முன் கேள்விகளை வாசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். விரிவுரையை நான் ஒரே தடவைதான் போடுவேன். இரண்டு தடவை போடச் சொல்லி ஒவ்வொரு வருடமும் கெஞ்சுவார்கள். விரிவுரை மண்டபத்தில் யாரும் திருப்பிப் போடுவதில்லையே! ஆனால் குறிப்பெடுக்க வெற்றுத்தாள் கொடுப்பேன், அதற்குப் புள்ளி இல்லை.

கேட்டலில் எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்டாதீர்கள். "கவர்ன்மென்ட்" என்ற சொல்லில் நடுவிலுள்ள ஓர் எழுத்தை விட்டவருக்கும் காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. எண்களைக் கேட்பதானால் யோசித்துக் கேளுங்கள். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டையும் பிரிப்பது எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டம், அழுத்தம் எங்கே விழுகிறது என்பதிலும் கடைசி ஒலியிலும்தான் வித்தியாசம். அப்படி ஒரு கேள்வி போதும். ஐந்து வைத்தால் அது எண் பிடிக்கிற விளையாட்டாகிவிடும்.

பல்தேர்வு வினாவுக்கு மூன்று தெரிவு போதும். நாலாவது தெரிவு பெரும்பாலும் இட்டு நிரப்பியதாக இருக்கும், அதை யாரும் தொடுவதில்லை. கேள்வியின் ஆங்கிலம் விரிவுரையின் ஆங்கிலத்தைவிட இலேசாக இருக்க வேண்டும். தமிழில் கேட்கலாமே என்று ஒரு காலத்தில் நினைத்தேன், ஆனால் வகுப்பில் சிங்கள மாணவரும் இருக்கிறார்கள்.

சோதினை நாளுக்கு முன்னால் ஒரு முறை அந்த மண்டபத்துக்கே போங்கள். பின்வாங்கின் மூலையில் இருந்து முழுப் பதிவையும் கேட்டு, நீங்களே விடை எழுதுங்கள். ஒரு பெரிய ஸ்பீக்கரை முன்னுக்கு வைத்து அலறவிடுவதைவிட இரண்டு சின்ன ஸ்பீக்கரை இரண்டு பக்கமும் வைப்பது நல்லது. புளூடூத் வேண்டாம், வயர்தான். பதிவு பென்டிரைவில் ஒன்று, போனில் ஒன்று. கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்து, தொடங்கும்போதே மாணவருக்குச் சொல்லிவிடுங்கள். பகல் 12 மணி தாண்டினால் பாங்கு சொல்லும் நேரம். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் மாமாங்கக் கோயில் திருவிழா, அமிர்தகழிப் பக்கம் ஒலிபெருக்கி ஓயாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் தகரக் கூரைக்குக் கீழே கேட்டல் சோதினையே வைக்க மாட்டேன். காலை 9 மணிக்கும் தொடங்காதீர்கள், பொத்துவிலிலிருந்து வருகிறவர் அப்போதுதான் பஸ்ஸால் இறங்குவார். வாசிப்பை முதலில் வைத்து, 10.30க்குக் கேட்டலைத் தொடங்குவது என் வழக்கம்.

வாசிப்புக்கு மண்டபம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இங்கே சிக்கல் பந்தியைத் தேர்ந்தெடுப்பதில்.

ஊர்க் கதை என்றால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைத்து, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் பற்றி ஒரு பந்தி கொடுத்தேன். 1949இல் தொடங்கிய வேலை, இங்கினியாகலையில் அணை, சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம், வேலையாட்களுக்காகக் குடியிருப்பு அமைத்த இடம் அம்பாறை நகரமாக வளர்ந்தது, எல்லாம் இருந்தது. அம்பாறைப் பக்க மாணவர் ஒருவர் 10 நிமிடத்தில் தாளைத் தந்துவிட்டு வெளியே போனார். எல்லாம் சரி. பிறகு விசாரித்தால், அவருடைய அப்பப்பா அந்தத் திட்டத்தில் வேலை செய்தவராம். பந்தியை வாசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலை தவறாமல் செய்கிறேன். பந்தியை எடுத்துவிட்டு, கேள்விகளை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்வேன். மூன்று தெரிவு உள்ள கேள்விகளில் குருட்டாம்போக்கில் போட்டாலே மூன்றில் ஒன்று சரிவரும். அதைவிடக் கூட வந்தால், எந்தக் கேள்வி பொது அறிவால் விழுகிறது என்று பார்த்து மாற்றுவேன். என் மகளும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயாவும்தான் வழக்கமான பலிக்கடாக்கள். ஐயாவுக்குப் பொது அறிவு அதிகம், அவர் பிழைவிட்டால் கேள்வி தேறியது என்று வைத்துக்கொள்வேன்.

இன்னொரு பந்தியை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. 2004 சுனாமி பற்றியது. எச்சரிக்கை முறைகளைப் பற்றிய வறண்ட கட்டுரைதான். ஆனால் மட்டக்களப்புக் கடற்கரையிலுள்ள திருச்செந்தூர், நாவலடிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் இருக்கிற வகுப்பு அது. ஒரு பிள்ளை பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நான் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன், அவளுக்கு வேறொரு நாள் வேறு தாள் கொடுத்தேன். இந்தக் கரையில் எந்தப் பந்தியையும், அதில் யாருடைய வீடு இருக்கிறது என்று ஒரு தரம் யோசித்துவிட்டே எடுக்கிறேன்.

ஆகவே ஊருக்கு நெருங்கியதும் வேண்டாம், பனிச்சறுக்கு மாதிரி யாரும் கண்டிராததும் வேண்டாம். தேனீக்கள், மனிதரின் நித்திரை, கொங்கிரீட், கையெழுத்து, இப்படியானவை நன்றாக வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் 700, 800 சொல்லில் இரண்டு பந்தி, 20 கேள்வி, 60 நிமிடம். தவிர, நாலு ஆய்வுச் சுருக்கங்களைக் கொடுத்து, "ஆசிரியர்களின் வேலைப்பளு பற்றி எழுதுகிற ஒருவர் எதை எடுப்பார்?" என்று ஒரு கேள்வி. அது புள்ளிக் கணக்கில் சின்னதாகத் தெரியும், ஆனால் பட்டப்பின் மாணவருக்கு அதைவிடப் பிரயோசனமான கேள்வி எனக்குத் தெரியாது.

பந்தியிலுள்ள சொல்லையே கேள்வியில் போடாதீர்கள். பந்தியில் "விளைச்சல் வெகுவாகக் குறைந்தது" என்றிருக்க, கேள்வியிலும் "விளைச்சலுக்கு என்ன நடந்தது?" என்றால், ஆங்கிலம் தெரியாதவரும் அந்தச் சொல்லை விரலால் தேடி அடுத்த வரியைப் பார்த்து எழுதிவிடுவார். "விவசாயிகள் ஏன் கவலைப்பட்டார்கள்?" என்று கேளுங்கள், அப்போது வாசித்தே ஆக வேண்டும்.

"மே", "லைக்லி", "சஜெஸ்ட்ஸ்" போன்ற, உறுதியில்லாமல் சொல்கிற சொற்களில் கட்டாயம் இரண்டு கேள்வி வையுங்கள். கட்டுரையாளர் "இருக்கலாம்" என்று எழுதியதை "நிரூபித்தார்" என்று மேற்கோள் காட்டுவதுதான் நான் ஆய்வேடுகளில் அதிகம் காணும் பிழை. "சரி, பிழை, சொல்லப்படவில்லை" என்ற மூன்று விடை வகை இதற்கு நல்லது. ஆனால் "பிழை"க்கும் "சொல்லப்படவில்லை"க்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வாரமே ஓர் உதாரணத்தோடு காட்டிவிடுங்கள்.

திருத்தி முடிந்ததும் தாள்களைக் கட்டிவைத்துவிடாதீர்கள். போன முறை எனக்கு 24 பேர். புள்ளி ஒழுங்கில் அடுக்கி மேல் 8 பேர், கீழ் 8 பேர் என்று பிரித்தேன். 7ஆம் கேள்வியை மேலே 7 பேரும் கீழே 2 பேரும் சரியாகச் செய்திருந்தார்கள். வித்தியாசம் 5, அதை 8ஆல் பிரித்தால் 0.63 அளவில் வரும், கெட்டிக்காரரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுகிற நல்ல கேள்வி. 11ஆம் கேள்வியில் மேலே 3, கீழே 5. கணக்கு மறைப் பெறுமானத்துக்கு, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, போய்விட்டது, கெட்டிக்காரர்கள்தான் பிழைவிட்டிருக்கிறார்கள். திரும்ப வாசித்தால், நான் சரியென்று வைத்த விடையைவிட இன்னொரு தெரிவு கூடப் பொருத்தம். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டுப் புள்ளியைத் திரும்பக் கணக்கிட்டேன், இரண்டு பேரின் முடிவு மாறியது. சின்ன வகுப்பில் இந்த எண்களைச் சாத்திரம் மாதிரி நம்பக் கூடாது, ஆனால் மறைப் பெறுமானம் வந்த கேள்வியைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும்.

கேட்டலுக்கும் வாசிப்புக்கும் புள்ளியைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சராசரி 58 என்று சொன்னால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. வாசிப்பில் 80, கேட்டலில் 36 என்றால் எதைப் பயிற்சி செய்வதென்று அவரே முடிவெடுப்பார்.

கடைசியாக, வினாத்தாள்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். போன முறை 24 கொடுத்தேன், 23தான் திரும்பி வந்தது. அடுத்த மாதம் அந்தத் தேனீப் பந்தி ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் கண்ணாடி மேசையில் கிடந்தது, ஒரு பிரதி 30 ரூபா. நானும் ஒன்று வாங்கினேன். இப்போது கொங்கிரீட் பற்றி ஒரு பந்தி தேடிக்கொண்டிருக்கிறேன்.