திருகோணமலைக் காட்டுப்பாதையில் இரவோட்டம்: குழுவாகப் போகிறவர்கள் விடும் தவறுகள்

காட்டுப்பாதையில் ஜீப் ஓட்டும் இரவோட்டத்துக்குப் பேர் கொடுத்தவுடன் எல்லோரும் வாகனத்தைத் தயார்படுத்துவதில் இறங்கிவிடுவார்கள். புது ரயர், கூரையில் லைட் பார், முன்னுக்கு வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி வாகனத்தை இழுக்கும் கருவி. நல்லதுதான். ஆனால் விடியும்வரை ஆறேழு ஜீப் சேர்ந்து ஓடும்போது வரும் பெரிய சிக்கல்கள், ஆளாளுக்குத் தன் வாகனத்தை மட்டும் பார்ப்பதால்தான் வருகின்றன.

வரிசையையே எடுங்கள். கை தேர்ந்தவர்கள் முன்னுக்குப் பறக்க, புதியவர் கடைசியில் இழுபடுவார். அவர் புதைந்தால் யாருக்கும் தெரியாது. புதியவர் இரண்டாவதாக வரட்டும். அனுபவசாலி ஒருவர் மீட்புச் சாமான்களோடு கடைசியில் வரட்டும். ஒவ்வொரு சந்தியிலும் பின்னால் வருபவரின் வெளிச்சம் தெரியும்வரை நில்லுங்கள். போன் சிக்னல் இல்லாத இடத்திலும் வரிசை அறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அதற்காக ஒட்டிக்கொண்டும் போகக்கூடாது. கோடையில் செம்மண் பாதையில் முன் வாகனம் கிளப்பும் புழுதியில் லைட் பாரைப் போட்டால், கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதை அணைத்துவிட்டு, தாழ்ந்த வெளிச்சத்தில் இடைவெளி விட்டு ஓடுங்கள். கந்தளாய், முதலிக்குளம் பக்கம் இருட்டினால் யானை பாதைக்கு வரும். ஹோன் அடிப்பதும் ஹைபீமை வெட்டி வெட்டிக் காட்டுவதும் அதைச் சீண்டும். வெளிச்சத்தைத் தாழ்த்தி, பேசாமல் பின்வாங்க வேண்டும். பின்னுக்கு ஐந்து வாகனம் முட்டிக்கொண்டு நின்றால் எங்கே பின்வாங்குவது?

ரயர் காற்று பற்றிச் சுருக்கமாக: கல்லும் வேருமான பாதைக்கு 22–25 பிஎஸ்ஐ, குச்சவெளிப் பக்க மணலுக்கு 15–18 பல வாகனங்களுக்குச் சரிவரும். பாரத்தைப் பொறுத்து மாறும். திரும்பத் தார் வீதிக்கு ஏறுமுன் காற்று அடிக்க கொம்பிரசர் கட்டாயம்.

எனக்கு அதிகம் பயம் தருவது, புதைந்த வாகனத்தை அவசரப்பட்டு இழுப்பது. குளத்து ஓரம் மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், கீழே சுரி. அச்சு வரை இறங்கிய ஜீப்பைச் சுரி வலுவாகப் பிடித்து வைத்திருக்கும். அப்போது யாரோ ஒருவர் இழுவைப் பட்டியை எடுத்து ட்ரெய்லர் கொழுவும் உருண்டையில் மாட்டுவார். தயவுசெய்து விடாதீர்கள். அந்த உருண்டை ட்ரெய்லரை இழுக்கச் செய்தது. புதைந்த வாகனத்தை வெட்டி இழுக்கும் விசையை அது தாங்காது. முறிந்தால் இரும்புக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேஸியில் போல்ட் போட்டுப் பூட்டிய மீட்புக் கொக்கியில் மட்டும் கொழுவுங்கள். முதலில் மண்வெட்டியால் சில்லுகளுக்கு முன்னால் வெட்டி வழிவிடுங்கள். பாதிப் பாரம் அங்கேயே குறையும். வின்ச் கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், எஞ்சினை ஓடவிட்டே இழுங்கள், இல்லாவிட்டால் பற்றரி இறங்கிவிடும். ஒருவர் மட்டும் சைகை காட்டட்டும். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தூரத்தில் நிற்க வேண்டும். வீடியோ எடுப்பவரும்தான்.

தண்ணீரில் இறங்குமுன் நடந்து ஆழம் பார் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். வெருகல் பக்கத்து ஆறுகளிலும் குளங்களிலும் முதலை உண்டு. இரவில் அந்த அறிவுரை ஆளைக் கொல்லும். கடக்க வேண்டிய இடங்களைப் பகலிலேயே ஊரவர்களிடம் கேட்டு வையுங்கள். தெரியாத தண்ணீருக்குள் இரவில் இறங்காதீர்கள். மாரியில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, நேற்றுக் கணுக்காலளவு ஓடிய ஓடை இன்று இடுப்பளவு நிற்கலாம். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொன்றொட் வளைந்துவிடும். கட்டி வெளியே இழுத்து, காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

இது போர் நடந்த மண், எங்காவது கண்ணிவெடி மிச்சம் இருக்கலாம். ஓடிப் பழகிய தடத்தை விட்டு விலகாதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. வனவிலங்கு ஒதுக்கிடங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. யானை மின்வேலிப் படலையைத் திறந்தால், கடைசி வாகனம் மூடிவிட்டு வர வேண்டும். திறந்து கிடந்தால் அழிவது ஒருவரின் வயல்.

சாமம் இரண்டு மணிக்குப் பிறகு உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும். தேத்தண்ணீர் கொஞ்ச நேரம்தான் தாங்கும். இருபது நிமிடம் எல்லோரும் நிறுத்திக் கண்ணயர்ந்து, சாரதிகளை மாற்றுங்கள். இராச்சாப்பாட்டையும் அளவாகச் சாப்பிடுங்கள்.

அப்புறம் அம்புலன்ஸ். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும், ஆனால் காட்டுத்தடத்துக்குள் அதனால் ஏற முடியாது. எந்த ஜீப்பின் பின் இருக்கை காலியாக இருக்கும், யார் அதை ஓட்டுவார், எந்த வழியால் பிரதான வீதிக்கு வருவார் என்பதைப் பின்னேரமே பேசி முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.