முதல் முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? சாவி கொடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வாடகை வருமானத்துக்காக இரண்டாவது வீடு வாங்குபவர்கள் முதலில் கோட்டைவிடுவது கணக்கில்தான். சென்னைப் புறநகரில் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கி, 15,000 ரூபாய் வாடகைக்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 1.8 லட்சம். போட்ட பணத்துக்கு மூன்று சதவீதம். மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் 5.4 லட்சம் ஆகிறது. முதல் மூன்று ஆண்டு வாடகை முழுவதும் பத்திரப் பதிவுக்கே சரியாகிவிடும். 45 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக எடுத்திருந்தால் மாதத் தவணை ஏறக்குறைய 39,000 ரூபாய். வாடகை அதில் பாதிகூட இல்லை. மீதி 24,000 ரூபாய் மாதா மாதம் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

"வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று தரகர் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். மனை விலை ஏறும் என்று நம்பி வாங்குவது தனி விஷயம். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வாடகை வருமானம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சொந்த மனையில் ஏற்கெனவே குடியிருப்பவர் மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டால் கணக்கு நன்றாகவே நிற்கிறது, ஏனென்றால் அங்கே மனைக்குப் புதிதாகப் பணம் போடவில்லை. சிறு முதலீட்டாளருக்கு அதுதான் நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

அடுத்தது வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள். 15,000 ரூபாய்க்கு வர ஆள் இருந்தும் 16,000 கேட்டுப் பிடிவாதம் பிடித்து இரண்டு மாதம் பூட்டி வைத்தால் 30,000 ரூபாய் போயிற்று. கூடுதலாகக் கிடைக்கும் ஆயிரத்தைக் கொண்டு அதை ஈடுகட்ட இரண்டரை ஆண்டு ஆகும். நம் ஊரில் இதற்கு நாள்காட்டியும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடியேற விரும்புபவர்கள் குறைவு. பள்ளி திறப்பதை ஒட்டி மே, ஜூனில்தான் குடும்பங்கள் வீடு தேடி அலைகின்றன. ஒப்பந்தம் ஜூலையில் முடிகிற மாதிரி எழுதினால் ஆடி முழுவதும் டு-லெட் பலகை தொங்கும். ஏப்ரலில் முடிகிற மாதிரி எழுதிக்கொள்வது எளிது. பலர் அதை யோசிப்பதே இல்லை.

ஒப்பந்தம் என்றதும், பதினோரு மாதத்துக்கு எழுதினால் எங்கும் பதிய வேண்டாம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஓராண்டுக்குக் குறைவான குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டியதில்லை என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலகியது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென அரசு இணையதளம் இருக்கிறது, பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தில் பெயரையும் தொகையையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டால், தகராறு என்று வரும் நாளில் அந்தத் தாள் பெரிதாகக் கைகொடுக்காது.

முன்பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகமான மனக்கசப்பு இங்கேதான் விளைகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. புதிதாக வீடு விடுபவர் ஒன்றரை லட்சம் கையில் வந்ததும் அதை நகைக்கோ மோட்டாருக்கோ செலவழித்துவிடுகிறார். அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். குடித்தனக்காரர் ஆடிக்கு முன் கிளம்புகிறார். புதிய ஆள் வரவில்லை. கிளம்புபவர் தன் புது வீட்டுக்குக் கட்ட வேண்டிய பணம் உங்களிடம் சிக்கிக் கிடக்கிறது. பணம் வராமல் அவர் சாவியைத் தர மாட்டார், சாவி வராமல் நீங்கள் வீட்டைக் காட்ட முடியாது. நான்கைந்து ஆண்டு நல்ல உறவில் இருந்தவர்கள் கடைசி வாரத்தில் முகம் பார்க்காமல் பிரிவது பெரும்பாலும் இதனால்தான். அந்தப் பணம் உங்களுடையதல்ல. வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டால் வட்டியும் வரும், தூக்கமும் வரும்.

ஒத்திக்கு விடுவது இதைவிடப் பெரிய பள்ளம். மதுரைப் பக்கம் ஒத்தி, சில ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ்: பெயர் எதுவானாலும் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருக்க விடுவது. மாதம் 10,000 வாடகை வரக்கூடிய வீட்டை 8 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால், ஆண்டுக்கு 1.2 லட்சம் வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். 8 லட்சத்துக்கு 15 சதவீத வட்டி கட்டுவதும் இதுவும் ஒன்றே. வீட்டுக் கடனே இதைவிட மலிவு. அந்த 8 லட்சத்தில் இன்னொரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கெடு முடியும்போது திருப்பித் தர வழியில்லாமல் விழிப்பவர்கள் ஏராளம். வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கும்போதே அதைச் சொல்லாமல் ஒத்திப் பணம் வாங்குவதைத் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு மொத்தமும் சிக்கிக்கொள்கிறது, அது துரோகம். ஒத்திக்குத்தான் விட வேண்டும் என்ற நிலை வந்தால், பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள், வில்லங்கச் சான்றை அவர் கையில் கொடுங்கள்.

யாருக்கு விடுவது என்பதில் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தவறானவை. என்ன சாதி, அசைவம் சமைப்பீர்களா, தனியாக இருக்கும் பெண்ணா என்று விசாரிப்பவர், எங்கே வேலை, முந்தைய வீட்டை ஏன் விட்டீர்கள், அந்த வீட்டுக்காரரின் எண்ணைத் தருகிறீர்களா என்று கேட்பதில்லை. வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு முதல் வகைக் கேள்விகள் எந்த விடையும் தருவதில்லை. ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்துவது மட்டுமே மிச்சம். அடையாள அட்டை நகல், வேலைச் சான்று, பழைய வீட்டுக்காரரிடம் ஒரு தொலைபேசிப் பேச்சு ஆகியவை போதும். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கேட்கும் நடைமுறை இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

மின் மீட்டர் சின்ன விஷயமாகத் தெரியும். கீழும் மேலும் ஒரே மீட்டரில் ஓடினால், யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டணமுறையில் இரண்டு குடும்பத்துக்கும் நஷ்டம். இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட்டும் ஒன்றோடு நின்றுவிடும். பிறகு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மின்வாரிய விலைக்கு மேல் வசூலிப்பதில் சண்டை தொடங்கும். போர்ஷனுக்கு ஒரு தனி இணைப்பு வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. வீட்டு இணைப்பில் கடையோ அலுவலகமோ நடத்த அனுமதிக்காதீர்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் அபராத நோட்டீஸும் உங்களுக்குத்தான் வரும்.

வரியில் பயந்து ரொக்கமாக வாங்குபவர்கள் நன்மையைத்தான் இழக்கிறார்கள். ஆண்டு வாடகை 1.8 லட்சம், அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்துவரி 6,000 என்றால் மிச்சம் 1.74 லட்சம். அதில் 30 சதவீதம், அதாவது 52,200 ரூபாய், எந்த ரசீதும் இல்லாமல் கழிகிறது. 1,21,800 ரூபாய்தான் வருமானக் கணக்கில் சேரும். கடன் வட்டி இருந்தால் அதையும் கழிக்கலாம். சொத்துவரி அந்த ஆண்டிலேயே கட்டியிருந்தால்தான் கழியும் என்பதை மறக்க வேண்டாம். புதிய வரி முறையில், வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு வாடகைப்படிச் சலுகைக்காக வாடகைதாரர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். மறுப்பது முறையல்ல.

வாடகை நிலுவை விழுந்ததும் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பூட்டை மாற்றுவது எல்லாம் சிலருக்குக் குறுக்குவழியாகத் தோன்றுகிறது. அத்தியாவசிய சேவைகளை நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அந்த ஒரு செயலால் குற்றம் சாட்டப்படுபவர் நீங்களாகிவிடுவீர்கள். இரண்டு மாத நிலுவைக்கு எழுத்து மூலம் நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லையென்றால் வாடகை நீதிமன்றம்: வழி இதுதான். அதுபோலவே, உங்கள் வீடுதானே என்று சொல்லாமல் உள்ளே நுழையவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பழுதுபார்ப்பை யார் செய்வது என்பதைச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலே பிரித்துத் தந்திருக்கிறது. கட்டட அமைப்பு, குழாய் மாற்றுதல், வயரிங், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வர்ணம் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் பழுது, உடைந்த கண்ணாடி ஆகியவை வாடகைதாரருக்கு. இப்படி இருக்க, காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது இன்னும் பரவலாக நடக்கிறது. ஐந்து ஆண்டு குடியிருந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். சுவரில் ஓட்டை போட்டுப் பெயர்த்திருந்தால் பிடியுங்கள், மங்கியதற்குப் பிடிக்காதீர்கள்.

இந்த வேறுபாட்டை நிறுவ, குடியேறும் நாளிலேயே படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், கழிவறைத் தரை, சமையல் மேடை, மின்விசிறிகளின் எண்ணிக்கை, மீட்டர் ரீடிங் தெரியும்படி ஒரு படம். இரண்டு பேரின் கைபேசியிலும் அவை இருக்கட்டும். காலி செய்யும் நாளில் அதே படங்களை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து, கடைசி மின்கட்டணம், உடைந்த கண்ணாடிக்கு இவ்வளவு, மீதி அட்வான்ஸ் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, நகலை அவரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்.