சயனோடைப் நீலத்தைத் தேநீரால் கருக்க வைப்பது

சயனோடைப் என்பது இரும்பு உப்பு பூசிய தாளை வெயிலில் வைத்து எடுக்கும் நீலப் படம். அதன் நிறத்தை மாற்றும் டோனிங்கைச் செய்யும்போது படம் கொஞ்சம் வெளிறும். அதனால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வெயிலில் வைத்த படமாக எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவி, ஒரு நாள் காய்ந்திருக்க வேண்டும்.

அரை லிட்டர் வெந்நீரில் 4 தேக்கரண்டி டீத்தூள். பாலும் சர்க்கரையும் கூடாது. 10 நிமிடம் கழித்து வடிகட்டி ஆறவிடுங்கள். வேறொரு தட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடா. கையுறை அவசியம், சமையல் பாத்திரம் வேண்டாம்.

நனைத்த படத்தைச் சோடா நீரில் இறக்கியதும் கண்ணை எடுக்காதீர்கள். வெளிர் பகுதிகள் சில நொடிகளிலேயே மஞ்சளாகத் தொடங்கும். அப்போதே எடுத்தால் நிழல்கள் நீலமாகவே நிற்க, வெளிர் பகுதிகள் மட்டும் பிறகு தேநீரில் பழுப்பாகும். இந்த இரட்டை நிறம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. முழுதும் மஞ்சளாகும்வரை விட்டால், தேநீரில் ஊறியபின் படம் கருப்பு நிறத்தை நெருங்கலாம். காரணம் எளிது: சோடா நீலத்தை உடைத்து இரும்பைத் தாளில் விட்டுவிடுகிறது, தேநீரில் துவர்ப்பைத் தரும் டானின் அந்த இரும்போடு சேர்ந்து கருக்கிறது.

தேநீரில் போடுமுன் 5 நிமிடம் கழுவுங்கள், இல்லையேல் ஒட்டியிருக்கும் சோடா தேநீரைக் கெடுக்கும். பிறகு அரை மணி முதல் 2 மணி நேரம் ஊறட்டும்.

வெள்ளைப் பகுதி பழுப்பேறினால், டானின் தாளிலேயே ஏறிவிட்டது என்று அர்த்தம். ஊறும் நேரத்தைக் குறையுங்கள், அல்லது வேறு தாள் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்ப் பொடியிலும் டானின் நிறைய உண்டு. அதை முதலில் துண்டுப் படத்தில் சோதியுங்கள்.